மின்னஞ்சற் கடிதங்களைத் தொகுத்து வைத்தல்

புதிய ஏற்பாட்டில் பவுல் அப்போஸ்தலர் பெயரால் வழங்கும் நிருபங்கள் 13. அவை எழுதப்பட்ட கால முறையில் நிறுத்தப்பட்டன அல்ல. சபைகளுக்கு எழுதியவை முன்னும் தனியாட்களுக்கு எழுதியவை பின்னுமாக வகுத்து, ஒவ்வொரு வகுப்பிலும் பெரும்பாலும் நெடியது முதலாகக் குறியது ஈறாக அமைத்திருக்கின்றனர். ஆதலின் ரோமர் முதலிலும் பிலேமோன் இறுதியிலும் நிற்க, அவற்றுள் முந்தியதென அறிஞர் பலர் கருதும் தெசலோனிக்கேயர் முதல் நிருபம் இடையிற் கிடக்கின்றது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், அதற்கு முன்னரும் தாம் ஒன்று எழுதியதாக அவரே குறிக்கின்றார். அது நமக்குக் கிடைத்திலது. 7-ஆம் அதிகாரம் கொரிந்தியர் எழுதிக் கேட்டவற்றிற்கு விடையாகத் தொடங்குகின்றது. அவர்கள் எழுதிய கடிதமும் கிடைத்திலது. விடை கையிலிருக்க, வினா யாதென்று உரையாசிரியர்கள் இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர்.

நிற்க. எங்கள் துறையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் காலமாகி ஒன்றரை ஆண்டாயிற்று. அவர் 1998 முதல் மாணவரோடும் பிறநாட்டுத் தமிழன்பரோடும் மின்னஞ்சல் வாயிலாகவே உரையாடி வந்தவர். ஒரு பாடபேதத்தின் பொருட்டு மூன்று மாதம் கடிதப் போர் நடத்துவார் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அவர் துணைவியார் என்னையும் என் வகுப்புத் தோழர் ஒருவரையும் அழைத்து, கடவுச்சொல் எழுதிய குறிப்பேட்டைத் தந்து, “தம்பி, இவை போய்விடாமல் நீங்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார்கள். எண்ணிப் பார்த்தோம், ஏறத்தாழ 31,000 கடிதங்கள் இருந்தன.

காலமும் குறைவாயிருந்தது. கூகுள் நிறுவனம் 2023-இல் வகுத்த விதியின்படி, இரண்டாண்டு எவரும் புகாத தனியார் கணக்கும் அதனுள் இருப்பனவும் அழிக்கப்படலாம். உயிரோடிருக்கும்போதே, தமக்குப்பின் இன்னார் பெறுக என்று குறித்துவைக்கும் வசதியை அந்நிறுவனம் 2013 முதல் தருகின்றது. நம்மில் எத்தனை பேர் அதனைச் செய்திருக்கின்றோம்? பெரிய நிறுவனத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்று நம்பியிருத்தலும் தகாது. யாஹூ குழுமங்களில் பல்லாண்டாகச் சேர்ந்திருந்தவற்றை நீக்கப்போவதாக 2019-இல் அறிவித்த அந்நிறுவனம், 2020-இல் அச்சேவையையே மூடிவிட்டது.

முதலில் யான் செய்த பிழையைக் கூறிவிடுகின்றேன். புதிய முகவரி ஒன்றை அமைத்து, பேராசிரியர் கணக்கிலிருந்து ஒவ்வொரு கடிதமாக அதற்கு மேலனுப்பத் தொடங்கினேன். இருநூறு கடிதம் சென்ற பின்னரே விளைவு தெரிந்தது. எல்லாக் கடிதத்திற்கும் எழுதியவர் அவரே என்றும், எழுதிய நாள் அன்றைய நாளே என்றும் இருந்தது. காலமானவர் ஒரே மாலையில் இருநூறு கடிதம் எழுதியதாயிற்று! நல்வேளையாக மூலங்கள் பழைய இடத்திலேயே இருந்தன.

இப்பிழை எனக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. மின்னஞ்சற் கடிதத்திற்கு நாம் படிக்கும் உடலன்றி, பெரும்பாலும் நம் கண்ணுக்கு மறைக்கப்பட்டிருக்கும் தலைக்குறிப்பும் உண்டு. அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் என்பவற்றோடு, கடிதந்தோறும் வேறுபடும் அடையாளக் குறி ஒன்றும் அதிற் பொறிக்கப்படும். ஒருவர் விடை எழுதும்போது, எக்கடிதத்திற்கு விடையோ அதன் அடையாளக் குறி விடையின் தலைக்குறிப்பிற் சேர்ந்துகொள்ளும். கணிப்பொறி இக்குறிகளைப் பின்பற்றியே வினாவையும் விடையையும் மாலையாகக் கோக்கின்றது. இவ்வமைப்பு 1982-இல் வகுக்கப்பட்ட விதிகளிலேயே உள்ளது. கொரிந்துக்குச் சென்ற நிருபத்திற்கு இல்லாத பேறு இது. ஆயின் கடிதத்தை மேலனுப்பினாலும், அச்சிட்டு வைத்தாலும், எழுத்தை மட்டும் படியெடுத்து ஒட்டினாலும் இக்கோவை அறுந்துபோம். ஆகவே கடிதத்தைத் தலையோடு முழுமையாக எடுத்தலே முதல் வேலை.

அதற்கு உதவுவது எம்பாக்ஸ் என்னும் கோப்பு வகை. கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீண்ட கோப்பில் எழுதிச் செல்வது அது. ‘ஃப்ரம்’ என்னும் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரி ஒவ்வொரு கடிதத்தின் தொடக்கத்தையும் காட்டும். முழுதும் வெறும் எழுத்தாகவே இருத்தலின் எந்தக் கணிப்பொறியிலும் திறக்கலாம். ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு அடிமைப்பட வேண்டுவதில்லை. கூகுள் தரும் டேக்அவுட் என்னும் வழியில் கேட்டால் கணக்கு முழுவதும் இவ்வகைக் கோப்பாக வரும். அதனைத் தண்டர்பேர்டு என்னும் இலவச மென்பொருளிற் கொண்டுவந்து படித்தோம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஒரே கடிதம் தெரிவதைக் கண்டு, இரண்டு படிகள் உள என்று பலர் எண்ணுகின்றனர். ஐமாப் என்னும் முறையில் அவை சேவையகத்தில் உள்ள ஒன்றன் நிழல்களே. ஓரிடத்தில் அழித்தால் மற்றோரிடத்திலும் அழியும். பாப் என்னும் பழைய முறையோ கடிதத்தைத் தன் கணிப்பொறிக்கே இறக்கிக்கொள்வது. பேராசிரியருடைய 1998 முதல் 2004 வரையுள்ள கடிதங்கள், பரணில் துணி சுற்றிக் கிடந்த கணிப்பொறியின் வட்டில் தப்பியிருந்தமைக்கு அம்முறையே காரணம்.

இனி ஒழுங்கு செய்தலைப் பற்றி. ஆர்வ மிகுதியால் யாங்கள் ‘சங்க இலக்கியம்’, ‘இலக்கணம்’, ‘மாணவர்’, ‘குடும்பம்’ என நாற்பது உறைகள் வகுத்தோம். இரண்டாம் நாளே தடுமாறினோம். புறநானூற்றுப் பாடல் ஒன்றன் இலக்கணத்தைப் பற்றி மாணவர் ஒருவர் தம் திருமண அழைப்போடு எழுதிய கடிதத்தை எவ்வுறையில் இடுவது? ஆண்டுக்கொரு உறை போதும் என்று முடிவு செய்தோம். பொருள் பற்றித் தேடுதலைக் கணிப்பொறி செய்யும். மின்னஞ்சலிற் பல பெயர்ச்சீட்டு ஒட்டிய ஒரே கடிதம், இறக்கும்போது பல உறைகளிற் பல படியாக வந்துவிடுதலும் உண்டு. பொருள் வரியை நோக்கி அவற்றைக் கழித்தல் ஆகாது. ‘வணக்கம்’ என்னும் பொருள் வரியோடு மட்டும் எழுநூறு கடிதங்கள் இருந்தன! அடையாளக் குறி ஒத்திருப்பனவற்றையே கழித்தோம்.

தமிழ்க் கடிதங்களுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. பரணிற் கிடைத்த கடிதங்களைத் திறந்தபோது, மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளே பக்கமெல்லாம் நிறைந்திருந்தன. கெட்டுப்போயின என்று கைவிட இருந்தோம். அவை திஸ்கி என்னும் குறியீட்டு முறையில் எழுதப்பட்ட நல்ல தமிழ். யூனிகோடு 1991-இலேயே தமிழைத் தன்னுட் கொண்டதாயினும், அது பரவுமுன் திஸ்கியும், 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தாப் முதலியனவும் வழங்கின. உரிய மாற்றியைக் கொண்டு மாற்றியவுடன், குறுந்தொகைப் பாடல் ஒன்றன் துறையைப் பற்றிய சொற்போர் முழுதும் கண்முன் எழுந்தது. அன்றிரவு விடுதிக்குத் திரும்ப நெடுநேரமாயிற்று. மாற்றிய படியைத் தனியே வைத்து, மூலத்தை எழுத்தும் திருத்தாமல் அப்படியே விட்டோம்; நாளை இன்னும் சிறந்த மாற்றி வரக்கூடும்.

உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணியமையால், பாரிஸ் நகரத்து ஜூலியன் வின்சோன் போன்றார் எழுதியவற்றை நாம் அறிகின்றோம். தாளில் எழுதுவோர் தம் எழுத்தைப் பிறர் கையிற் கொடுத்துவிடுவர். மின்னஞ்சலிலோ ‘அனுப்பியவை’ என்னும் உறையில் அதன் படி தங்கும். தொகுப்போர் பலர் வந்தவற்றையே எடுத்து இதனை மறந்துவிடுகின்றனர். மற்று, அண்மைக் கடிதங்கள் பலவற்றில் இணைப்புக் கோப்பு இல்லை. அது வேறிடத்திலிருக்க, வழி மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தனியே இறக்கிச் சேர்த்தோம். அவ்வாறு குறித்த ஒன்பது கட்டுரைகள் அதற்குள் மறைந்துபோயிருந்தன.

குடும்பக் கடிதங்களை யாங்கள் படித்திலோம். முகவரி கொண்டே பிரித்து, அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டோம். மாணவர் பலர் தம் வறுமையையும் துயரையும் எழுதியிருந்தனர். அவை எழுதியவர் இசைவின்றி வெளிவாரா. எஞ்சியவற்றிற்கு மூன்று படிகள் எடுத்து, ஒன்றைத் துறையிலும், ஒன்றை நூலகத்திலும், ஒன்றைக் கல்லூரிக்கு வெளியே அம்மையார் இல்லத்திலும் வைத்திருக்கின்றோம். ஒவ்வொரு கோப்பிற்கும் ஷா-256 என்னும் கணக்கினால் 64 குறிகள் கொண்ட முத்திரை பெற்று எழுதிவைத்தோம். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் முத்திரை வேறாகும். ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்த்தல் துறை மாணவர் கடமை.

2004-க்கும் 2007-க்கும் இடைப்பட்ட கடிதங்கள் மட்டும் எங்கும் அகப்படவில்லை. அக்காலத்து அவர் வைத்திருந்த முகவரி இன்று இல்லை. பழைய மாணவருள் எவரிடமேனும் அவ்வாண்டுகளில் பேராசிரியர் எழுதிய கடிதங்கள் இருக்குமாயின், மேலனுப்பாமலும் அச்சிடாமலும், கடிதத்தை முழுக் கோப்பாக இறக்கித் தமிழ்த்துறைக்கு அனுப்பியுதவுமாறு வேண்டுகின்றோம். அவருக்குத் தாங்கள் எழுதியதும் உடன் இருத்தல் நலம்.