மாலுமிகளின் உடலில் பச்சை: சக மாலுமியின் கையால் பதிந்த அடையாளம்

நங்கூரம், விண்மீன், சிலுவை, அன்புக்குரியவரின் பெயரின் முதல் எழுத்துகள் எனப் பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் உடலில் குத்திக்கொண்ட பச்சைகள் வெறும் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. ஒருவர் யார் என்பதை உறுதிசெய்யும் சான்றாகவும் அவை பயன்பட்டன.

இருவர் சேர்ந்த கலை

நீண்ட கடற்பயணத்தின் ஓய்வு வேளைகளில் ஒரு மாலுமிக்கு மற்றொரு மாலுமியே பச்சை குத்துவது வழக்கம். குச்சியில் சேர்த்துக் கட்டிய ஊசிகள், மை, விளக்குக் கரி அல்லது நீரில் குழைத்த வெடிமருந்துத் தூள் ஆகியவையே கருவிகள். ஆடும் கப்பலில் குத்துபவரின் கை தவறக்கூடாது. தோலைத் தருபவர் வலியைப் பொறுத்து அசையாதிருக்க வேண்டும். யாருடைய பெயர் வேண்டும் என்ற அந்தரங்கத்தையும் அவரிடமே சொல்லியாக வேண்டும். இருவரின் நம்பிக்கையும் பொறுமையும் இணைந்தே உருவம் முழுமை பெற்றது.

எங்கிருந்து வந்தது?

ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பல் 1769இல் தஹிதி தீவை அடைந்தபோது, அங்குள்ள மக்களின் பச்சை குத்தும் கலையை ஆங்கிலேயர்கள் கண்டனர். கப்பலின் ஓவியர் சிட்னி பார்க்கின்சன் உள்ளிட்ட சிலர் தாங்களும் குத்திக்கொண்டனர். 'டாட்டூ' என்ற ஆங்கிலச் சொல் தஹிதி மொழியின் 'டடாவ்' என்பதிலிருந்து பிறந்தது. எனினும், வழக்கம் அதற்கும் முந்தையது. கைகளில் குத்தப்படும் ஜெருசலேம் சிலுவை பற்றி வில்லியம் டாம்பியரின் 1697ஆம் ஆண்டு பயண நூலே குறிப்பிடுகிறது.

அரசு ஆவணத்தில் பச்சை

1789இல் 'பவுண்டி' கப்பலில் கலகம் வெடித்தது. கிளர்ச்சியாளர்களைப் பிடிப்பதற்காக கேப்டன் வில்லியம் பிளை தயாரித்த அங்க அடையாளப் பட்டியலில், பிளெட்சர் கிறிஸ்டியனின் மார்பில் இருந்த விண்மீன் பச்சையும் இடம்பெற்றது.

அமெரிக்காவில் அதே அடையாளம் பாதுகாப்புக்காகத் தேவைப்பட்டது. அமெரிக்கக் கப்பல்களை மறித்த பிரிட்டன் கடற்படை, மாலுமிகளைத் தன் நாட்டவர் எனக் கூறி வலுக்கட்டாயமாகப் பணியில் சேர்த்தது. இதைத் தடுக்க 1796இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மாலுமிகளுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் வழங்க வகை செய்தது. உயரமும் நிறமும் பலருக்கு ஒத்துப்போகும் என்பதால், தழும்புகளும் பச்சைகளும் விண்ணப்பங்களில் பதிவாயின. ஆயினும் பிரிட்டன் அதிகாரிகள் பல வேளைகளில் அச்சான்றிதழ்களை ஏற்கவில்லை. இந்தப் பிணக்கு 1812ஆம் ஆண்டுப் போருக்கான காரணங்களுள் ஒன்றானது.

எஞ்சியிருப்பவை

1891இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி மின்சாரப் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் துறைமுகக் கடைகளில் தொழில்முறைக் கலைஞர்களின் பணி விரைவானது.

முந்தைய காலத்து எளிய மாலுமிகளில் பெரும்பாலோருக்கு உருவப்படம் இல்லை. வரலாற்றாய்வாளர் ஐரா டை 1989இல் வெளியிட்ட ஆய்வு, பழைய சான்றிதழ் விண்ணப்பங்களைக் கொண்டே அவர்களின் பச்சைகளை விவரித்தது. நண்பனின் கையால் தோலில் பதிந்த அந்தரங்க எழுத்துகள், அரசு எழுத்தரின் குறிப்புகளால் இன்றும் எஞ்சியுள்ளன.