கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வகுப்பு: ஆசிய மாலுமிகளுக்குத் தொழிற்சங்கங்கள் என்ன சொல்லித் தருகின்றன?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம்: 899. சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, அதாவது ஐ.டி.எஃப்., கணக்குப்படி 2024ல் கப்பல்களில் கைவிடப்பட்ட இந்திய மாலுமிகள் இத்தனை பேர். உலக அளவில் மொத்தம் 312 கப்பல்கள், 3,133 மாலுமிகள். அந்த வருஷம் வேறு எந்த நாட்டுக்காரர்களையும் விட அதிகமாக மாட்டிக்கிட்டவங்க இந்தியர்கள்தான்.

கைவிடப்படுவதுன்னா என்ன? கப்பல் முதலாளி சம்பளத்தை நிறுத்திடுவார், போனை எடுக்க மாட்டார். டீசல் தீரும், சாப்பாடு தீரும், ஊருக்குத் திரும்ப டிக்கெட் வராது. எம்.டி. இபா என்கிற எண்ணெய்க் கப்பலை உங்களில் சிலர் செய்தியில் பார்த்திருக்கலாம். 2021 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் உம் அல் குவைன் கடற்கரையில் தரைதட்டி நின்றது. உள்ளே ஐந்து பேர், அதில் இந்தியர்களும் உண்டு. இரண்டரை வருஷத்துக்கு மேல் சம்பளம் இல்லை. கரை கண்ணுக்கு எதிரே இருக்கு, ஆனா இறங்கினா சம்பளப் பாக்கியைக் கேட்கிற பிடி போய்விடும் என்கிற பயம். கடைசியில் பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. நல்ல சட்டமே இருக்கு. பிரச்சினை, அந்தச் சட்டம் ஜெனீவாவில் இருக்கு, மாலுமி நடுக்கடலில் இருக்கார். இந்த இடைவெளியில்தான் தொழிற்சங்கங்களின் கல்வித் திட்டங்கள் வருகின்றன. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போறோம்.

முதல் பாடம்: உன் முதலாளி யார்?

ஐ.டி.எஃப். 1896ல் லண்டனில் தொடங்கியது. ஐரோப்பாவின் கப்பல், துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு. இன்றைக்கு லாரி, ரயில், பஸ், விமானம் என எல்லாப் போக்குவரத்துத் துறையும் அதில் உண்டு. ஆசியாவில் இந்தியாவின் என்.யூ.எஸ்.ஐ., பிலிப்பைன்ஸின் அமோசுப் போன்ற மாலுமிச் சங்கங்கள் அதன் உறுப்பினர்கள். உலகக் கப்பல்களில் வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதி பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா, சீனா போன்ற ஆசிய நாட்டுக்காரர்கள். அதனால் மாலுமிக் கல்வின்னு பேசினாலே ஆசியாவைத்தான் பேச வேண்டியிருக்கு.

மாலுமிகளுக்கான உரிமை வகுப்பில் பொதுவாக முதலில் செய்ய வேண்டிய வேலை ஒரு படம் வரைவது. நடுவில் உங்க கப்பல். சுற்றிலும் அதோடு சம்பந்தப்பட்ட எல்லோரும். உதாரணத்துக்கு ஒரு கப்பலைக் கற்பனை பண்ணிக்கோங்க. சொந்தக்காரர் கிரேக்கர். கொடி பனாமா. நிர்வாகம் சிங்கப்பூர் கம்பெனி. ஆள் எடுத்துக் கொடுத்தது மும்பை ஏஜென்ட். இன்சூரன்ஸ் லண்டனில். சரக்கு வேறொருத்தருடையது. கப்பல் இப்போ நிற்பது சார்ஜாவில்.

இப்போ கேள்வி: சம்பளம் வரலைன்னா யாரைக் கேட்பீங்க? "ஏஜென்டைத்தான்" என்பதுதான் பலருக்கும் தோன்றுகிற பதில், ஏன்னா அவங்க பார்த்த ஒரே முகம் அதுதான். ஆனா கப்பலுக்குச் சட்டம் போடுவது கொடி நாடு. ஆய்வு செய்ய அதிகாரம் உள்ளது துறைமுக நாடு. சம்பளத்துக்குப் பொறுப்பு கப்பல் உரிமையாளர். இந்தப் படம் மனசில் இல்லாமல் அடுத்த எந்தப் பாடமும் ஏறாது.

பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் மாதிரி நாடுகளில் கொடி மட்டும் பதிவு செய்துகொள்கிற வழக்கத்தை வசதிக்கொடின்னு சொல்வாங்க. அதற்கு எதிரான ஐ.டி.எஃப். இயக்கம் 1948லேயே தொடங்கியது. கொடி ஒரு நாடு, முதலாளி இன்னொரு நாடு, தொழிலாளி மூன்றாவது நாடுன்னு ஆனதும், எந்த ஒரு நாட்டின் சங்கமும் தனியாக எதையும் சாதிக்க முடியாது. கூட்டமைப்பு தேவைப்பட்டதும் அதனாலதான்.

இரண்டாவது பாடம்: காகிதத்தைப் படிப்பது

அடுத்தது ஒப்பந்தம். 2006ல் ஏற்கப்பட்டு, 2013 ஆகஸ்ட் 20 முதல் அமலில் இருக்கும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு எம்.எல்.சி.ன்னு பெயர். இந்தியா 2015ல் ஏற்றது. இதை முழுசாப் படிக்கச் சொன்னா யாரும் படிக்க மாட்டாங்க. நம்மில் எத்தனை பேர் ஆஃபர் லெட்டரை முழுசாப் படிச்சிருக்கோம், சொல்லுங்க. அதனால் வகுப்பில் பிடித்துக்கொள்ள வேண்டியது சில புள்ளிகளைத்தான்.

ஒண்ணு, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் ஆலோசனை கேட்கவும் மாலுமிக்கு வாய்ப்புத் தரணும். கையெழுத்தான அசல் பிரதி ஒன்று அவர் கையில் இருக்கணும். "ஏர்போர்ட்ல போட்டுக்கலாம் தம்பி"ன்னு சொன்னா, அங்கேயே சந்தேகப்படணும்.

இரண்டு, வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம் இவற்றின் செலவு மட்டும் மாலுமியுடையது. விசா செலவு கூட முதலாளி தலையில்தான். இங்கே லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏறுகிற பையன்களை நினைத்துப் பாருங்க. கடன் வாங்கிக் கட்டினவர், சம்பளம் வராத கப்பலிலிருந்து இறங்கவும் முடியாமல் தவிப்பார். அந்தக் கடனே அவரைக் கட்டிப்போடுது.

மூன்று, கைவிடப்பட்டால் என்ன செய்வது. 2017 ஜனவரி 18 முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி, இதற்கென நிதிப் பாதுகாப்பு இருக்கணும். அதன் சான்றிதழ் நகல் கப்பலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருக்கணும். அது நான்கு மாதச் சம்பளப் பாக்கி வரைக்கும், உணவு, தண்ணீர், மருத்துவம் மாதிரி அவசியத் தேவைகளுக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் பொறுப்பேற்கும். இதில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் முதலாளி உறவை முறித்துக்கொண்டாலே அது கைவிடல்தான். ஆனா இன்சூரன்ஸ் தருவது நான்கு மாதம் வரைதான். "அடுத்த மாசம் வந்துடும்"னு எட்டு மாசம் காத்திருந்தால், மீதி நான்கு மாசத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குக் கப்பலை நீதிமன்றத்தில் பிடித்து வைத்து ஏலம் விடுகிற நீண்ட பாதைதான் மிச்சம். எப்போ புகார் செய்யணும் என்பதையே இந்த எண்கள்தான் முடிவு செய்யுது.

மூன்றாவது பாடம்: ஓய்வுக் கணக்கு

எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இது. எம்.எல்.சி.யில் ஓய்வுக்கு இப்படி ஒரு விதி: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த 7 நாளிலும் குறைந்தது 77 மணி நேரம். தினசரி ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்கணும்.

இப்போ ஒரு சின்ன டெஸ்ட். ஒருத்தர் 4 மணி நேரம், 3 மணி நேரம், 3 மணி நேரம்னு ஓய்வெடுத்தார். மொத்தம் 10. சரியா? தவறு. மூன்று துண்டு, ஒன்றுகூட 6 மணி நேரம் இல்லை. இன்னொருத்தர் தினமும் சரியாக 10 மணி நேரம் ஓய்வெடுத்தார், இரண்டே துண்டாக. ஏழு நாளைக்கு 70 தான் வருது. 77 இல்லை, அதுவும் மீறல். தினசரி விதி பாஸ், வாராந்திர விதி ஃபெயில். கோடு எழுதுகிறவங்களுக்கு இது பழகின விஷயம்: ஒரு கண்டிஷனை மட்டும் செக் பண்ணிட்டு விட்டா பக் தப்பிச்சுடும்.

நிஜத்தில் பெரிய சிக்கல், பதிவேடே பொய் சொல்வது. உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. வேலை நேரப் பதிவுகளை விதிக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றி எழுதுவது எவ்வளவு சகஜமாகிவிட்டது என்பதை அது காட்டியது. லாக் ஃபைலே திருத்தப்பட்டதுன்னா அதை வைத்து என்னத்தை டீபக் பண்றது? அதனால் தனக்கென ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், வேலை, வந்த சம்பளம், வராத சம்பளம் எழுதி வைப்பது ரொம்ப உதவும். வழக்குன்னு வந்தா அந்த நோட்டுக்கு மதிப்பு இருக்கு.

யார் ஆசிரியர்?

தொழிற்சங்கக் கல்வியில் அதிகம் புழங்குகிற ஒரு முறை, படிப்பு வட்டம். ஸ்வீடனில் 1902 வாக்கில் ஆரம்பித்தது. மேடை, மைக், சிறப்புரை எதுவும் கிடையாது. பத்துப் பேர் வட்டமா உட்கார்ந்து, ஒரு சின்னக் கையேட்டை வைத்துக்கொண்டு, தங்கள் வேலையில் நடந்ததைப் பேசுவாங்க. நடத்துகிறவரும் அதே தொழில்காரர். ஸ்காண்டிநேவியச் சங்கங்களின் ஆதரவோடு இந்த முறை வளரும் நாடுகளின் சங்கங்களுக்கும் வந்தது.

இதில் கூடவே வருவது, பயிற்சியாளருக்குப் பயிற்சி. சிலருக்கு ஆழமாகச் சொல்லிக் கொடுத்தால், அவங்க ஆளுக்கொரு இடத்தில் மத்தவங்களுக்குச் சொல்வாங்க. பஸ், ரயில் ஊழியருக்கு டிப்போவிலோ பணிமனையிலோ கூடலாம். மாலுமிகளுக்கு அது நடக்காது. அவர் மாசக்கணக்கில் கடலில். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே ஊரில் இருக்கிற கொஞ்ச நாள்தான் வகுப்பறை. அதனால் கப்பலில் ஏறப்போகிறவரையும், படிக்கிற பயிற்சி மாணவரையும் பிடிப்பதுதான் வழி.

திறமையா, உரிமையா?

ஆசியாவில் சில மாலுமிச் சங்கங்கள் பயிற்சிக் கல்லூரியே நடத்துகின்றன. பிலிப்பைன்ஸில் அமோசுப் 1998ல் பட்டான் மாகாணத்தில் எம்.ஏ.ஏ.பி. என்ற கடல்சார் அகாடமியைத் தொடங்கியது. என்.யூ.எஸ்.ஐ. கோவாவில் அகாடமி நடத்துகிறது. நல்ல விஷயம்தான். சங்கம் என்றால் கொடி பிடிப்பது மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்கும்.

ஆனா ஒரு இழுபறி இருக்கு. எஞ்சின் ஓட்டக் கற்றுக்கொடுத்தால் முதலாளியும் சந்தோஷப்படுவார், அதற்குப் பணமும் வரும். ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்க முதலாளி காசு தர மாட்டார். அதனால் உரிமைக் கல்வி பெரும்பாலும் சங்கச் சந்தாவையும் வெளிநாட்டுச் சங்கங்களின் உதவியையும் நம்பி நிற்கும். உதவி நின்னா வகுப்பு நிற்கும். என் கருத்து: திறன் வகுப்புக்கு வருகிற அதே மாணவருக்கு உரிமைப் பாடமும் சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். தனியா ஒரு நாள் கூப்பிட்டா வராதவர், சான்றிதழுக்காக எப்படியும் வருவார்.

தெரிந்தால் மட்டும் போதுமா?

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "எல்லாம் தெரிஞ்சும் பேசாம இருக்கிறவங்கதானே அதிகம்?" உண்மைதான். காரணம் கறுப்புப் பட்டியல் பயம். புகார் பண்ணின பேர் ஏஜென்டுகளிடையே சுற்றினா அடுத்த கப்பல் கிடைக்காது. எம்.எல்.சி. அந்த மாதிரிப் பட்டியல்களைத் தடை செய்யுது. துறைமுக அதிகாரியிடம் புகார் செய்தவர் பெயரை ரகசியமாகக் காக்கணும்னும் சொல்லுது. ஆனாலும் பயம் ஒரு விதியால் போகாது.

இங்கேதான் வட்டமா உட்கார்ந்து பேசுகிறதுக்கு அர்த்தம் வருது. தனியா ஒருத்தர் கேட்டா அவர் பிரச்சினைக்காரர். இருபது பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டா அது கப்பலின் கோரிக்கை. சட்டத்தை யூடியூப்பில்கூட கற்றுக்கலாம். பக்கத்து பங்கில் படுக்கிறவரை நம்புவதற்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழகணும்.

உங்க வீட்டில் யாராவது கப்பலுக்குப் போறாங்களா?

தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் கேட்கிறவங்களுக்கு இந்தப் பகுதி நேரடியாகவே பயன்படும். கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்வி கேளுங்க.

1. ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கா? மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பட்டியலைப் பாருங்க.
2. வேலைக்குப் பணம் கேட்கிறாங்களா? கேட்டால் அங்கேயே நிறுத்துங்க.
3. கப்பலின் பெயரும் ஐ.எம்.ஓ. எண்ணும் என்ன? பெயர் மாறும், இந்த ஏழு இலக்க எண் கப்பலின் ஆயுசுக்கும் மாறாது.
4. ஒப்பந்தத்தில் உரிமையாளர் பெயர், சம்பளம், கால அளவு, ஊர் திரும்பும் செலவு தெளிவா இருக்கா? ஒரு நகல் வீட்டில் இருக்கா?
5. அந்தக் கப்பலில் சங்க ஒப்பந்தம் இருக்கா?

கப்பலில் ஏறிய பிறகு இரண்டு மாசம் சம்பளம் வரலைன்னா காத்திருக்காதீங்க. சங்கத்துக்கோ, அந்தத் துறைமுகத்தின் ஐ.டி.எஃப். ஆய்வாளருக்கோ அப்பவே சொல்லுங்க. வீட்டில் இருக்கிறவங்களும் சொல்லலாம்.

இந்த எபிசோடை கப்பலுக்குப் போகிற ஒருத்தருக்காவது அனுப்பி வையுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.