முடிச்சூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோது ஊரெல்லாம் பேசியது செம்பரம்பாக்கம் ஏரியைத்தான். டிசம்பர் 1 இரவு அங்கிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள்; திறந்த விதம் சரிதானா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கும் மேலே, ஆதனூர், மணிமங்கலம் பகுதித் தண்ணீர் வடியும் வழியில் இருக்கின்றன. அந்த ஊர்கள் மூழ்கியதைச் செம்பரம்பாக்கத்தை மட்டும் வைத்து விளக்கவே முடியாது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றில் சுமார் 200 ஏரி, குளங்களின் கலங்கல் நீர் வந்து விழுகிறது. ஒரு மதகைப் பார்ப்பதை விட்டு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் பார்த்திருந்தால், நம் விவாதமே வேறு திசையில் போயிருக்கும். அப்படிப் பார்க்கக் கற்றுத்தரும் படிப்புதான் புவியியல்.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று நீரியல் அறிஞர் கணக்கிடுவார். கால்வாயைப் பொறியாளர் வெட்டுவார். மாதச் சம்பளக்காரர் ஏன் நகரத்தை விட்டுத் தள்ளி, தாழ்வான நிலத்தில் மனை வாங்கினார் என்பதைப் பொருளியல் படித்தவர் சொல்வார். இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது என்ன நடக்கும் என்பது யாருடைய வேலை? கல்லூரிப் புவியியலில் நிலத்தோற்றமும் காலநிலையும் ஒருபுறம், மக்கள்தொகையும் குடியிருப்பும் நிலப்பயன்பாடும் மறுபுறம் என்று ஒரே மாணவர் இரண்டையும் படிக்கிறார். பிறகு களத்துக்குப் போய் இரண்டையும் பொருத்திப் பார்க்கிறார். இந்தப் படிப்பின் மதிப்பு முழுவதும் அந்தப் பொருத்திப் பார்த்தலில்தான் இருக்கிறது.

தலைநகரம், ஆறு, மலை என்று மனப்பாடம் செய்யும் பாடம்தானே என்று கேட்கலாம். பள்ளியில் சமூக அறிவியலுக்குள் ஒரு பகுதியாக ஒடுங்கிக் கிடந்ததால் வந்த பெயர் அது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: கைப்பேசியில் வரைபடமும் வானில் செயற்கைக்கோளும் இருக்கும்போது இதற்கெனத் தனிப் படிப்பு எதற்கு? சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1:50,000 அளவிலான டோப்போ ஷீட் எனும் நிலத்தோற்ற வரைபடத்தில் சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். ஏறக்குறைய தட்டையான இந்த ஊரில், வெள்ளம் எங்கே தேங்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஏற்ற இறக்கம் அதில் தெரியவே தெரியாது. சரி, விண்வெளியிலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவைப் பார்க்கலாம் என்றால், நெருக்கமான கட்டடங்களும் மரங்களும் உள்ள இடத்தில் அது தரையை உள்ளதைவிட உயரமாகக் காட்டிவிடும். பள்ளம் மேடாகத் தெரியும். கணினி அதையும் அழகான வண்ணத்தில் வரைந்துதான் கொடுக்கும்! ஏரிக்கரை எங்கே போகிறது, சாலை எந்த ஓடையை மறிக்கிறது என்று நிலத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் படத்தின் மேல் சந்தேகம் வரும்.

புவியியலுக்கென்று தனித்துறை வேண்டாம் என்று பெரிய இடங்களே முடிவெடுத்ததுண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1948-இல் அந்தத் துறையை மூடியது. 2006-இல் அதே பல்கலைக்கழகம் புவியியல் பகுப்பாய்வுக்கென ஒரு மையத்தைத் திறந்தது. துறையை மூடினாலும் அதன் தேவை மட்டும் மூடப்படவில்லை.

வேலைக் கேள்வியை மழுப்பக்கூடாது. பட்டத்தைக் காட்டிய உடனே வேலை தரும் படிப்பு அல்ல இது. ஜி.ஐ.எஸ். எனும் புவியியல் தகவல் முறை, தொலையுணர்வு ஆகியவற்றில் கை பழகியவருக்கு நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, வரைபட நிறுவனங்கள் என்று வழி இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு வரைபடத் தரவுகள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் இந்தத் துறைக்குச் சாதகம். பாடக் குறிப்பை மட்டும் ஒப்பித்துத் தேறியவருக்கு அந்த வழி திறக்காது. எனவே பிளஸ் டூ முடித்துப் புவியியல் சேர நினைக்கும் மாணவர்களும் பெற்றோரும் கல்லூரியில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: ஜி.ஐ.எஸ். ஆய்வகம் நடப்பில் இருக்கிறதா? ஆண்டுதோறும் களப்பணிக்கு அழைத்துப் போகிறார்களா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் வேறு கல்லூரி பாருங்கள், வேறு பாடம் அல்ல.