ஞாபக சக்திக்கு எறும்பு சட்னி!

ஒடிசா மாநிலத்தின் வடகோடியில் உள்ளது மயூர்பஞ்ச் மாவட்டம். அங்குள்ள சந்தைகளில் "காய்" விற்பார்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே "காய்" என்றால் செவ்வெறும்பு!

மாங்காய் பறிக்க ஏறுகிறவர்களைக் கடித்துத் துரத்துமே முசுறு, அதே எறும்புதான்.

சிமிலிபால் காட்டை ஒட்டி வாழும் ஆதிவாசிகள், இலைகளைப் பின்னிக் கட்டிய கூட்டை மரத்தில் இருந்து வெட்டி, தண்ணீர் வாளியில் அமுக்கி விடுகிறார்கள். பிறகு எறும்பையும் முட்டையையும் பிரித்து எடுத்து, பூண்டு, இஞ்சி, மிளகாய், உப்பு சேர்த்து அரைக்கிறார்கள். புளி தேவை இல்லை. எறும்பின் உடலில் உள்ள பார்மிக் அமிலமே புளிப்பைக் கொடுத்து விடுகிறது. கடித்த இடம் எரிவதும் இந்த அமிலத்தால்தான்.

2024 ஜனவரியில் இந்தச் சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மூளைக்கு நல்லதா?

எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வது உண்டு. மயூர்பஞ்ச் சட்னியோ மூளைக்கு வலு, ஞாபக சக்தி வளரும் என்கிறார்கள்.

எறும்பில் புரதமும், இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களும் உண்டு. "பி-12" வைட்டமினும் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இந்த வைட்டமின் குறைந்தால் மறதி வரும். கை, கால் மரத்துப் போகும். சோறே பிரதானமாக உள்ள ஏழைக் குடும்பத்துக்கு, காட்டில் காசில்லாமல் கிடைக்கும் இந்த உணவு பெரிய உதவிதான்.

ஆனால், சத்துக்குறைவு இல்லாதவருக்கு எறும்பு தின்பதால் ஞாபக சக்தி கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மேலும், சட்னி என்பது தொட்டுக்கொள்ளும் பண்டம். ஒரு கரண்டியில் எவ்வளவு சத்து வந்துவிடும்? புவிசார் குறியீடும் ஊருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்புக்குத் தரப்படுவதே தவிர, மருந்து என்ற சான்று அல்ல.

கொரோனாவுக்கு இதை மருந்தாகக் கொடுக்க உத்தரவிடக் கோரி ஒருவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். நாடு முழுவதற்கும் அப்படி உத்தரவிட முடியாது என்று 2021 செப்டம்பரில் கோர்ட்டு மறுத்துவிட்டது.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எறும்பும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு மறதி அதிகமானால், சட்னியைத் தேடி நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. "பி-12" குறைவுதான் காரணம் என்றால் மாத்திரை, ஊசி இருக்கின்றன. தாமதித்தால் நரம்பில் ஏற்படும் சேதம் சரியாகாமலே போய்விடக்கூடும்.