உப்புக் காற்று வைக்கும் பரீட்சை

துரு பிடிக்காது என்ற வாக்குறுதியோடு விற்கப்படுகிறது பவுடர் கோட்டிங். மட்டாஞ்சேரி மாதிரி ஊரில் அது பலிக்குமா என்பது மேலே தெரியும் நிறத்தைப் பொறுத்ததல்ல

மட்டாஞ்சேரியில் இரும்புக்கு ஆயுள் கம்மி. ஒரு பக்கம் காயல், கொஞ்ச தூரத்தில் அரபிக் கடல். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை இல்லாத நாளிலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். மேற்குக் கொச்சியின் தாழ்வான தெருக்களில் 'வேலியேற்றம்' வந்தால் உப்புநீர் வாசல்படி வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். 1555ல் போர்த்துகீசியர் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனை நிற்கிறது. 1568ல் எழுந்த பரதேசி யூத ஆலயம் நிற்கிறது. ஆனால் இங்கே நேற்று மாட்டிய இரும்பு கேட் அடுத்த இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுவதற்குள் கீல் ஓரத்தில் சிவக்க ஆரம்பித்துவிடும்.

இந்த ஊரில் 'துருவே பிடிக்காது சார்' என்று யாராவது சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியுமா? ஸ்கூட்டர் ரிம், கார் அலாய் வீல், பால்கனி கிரில், கடை ஷட்டரின் பக்கச் சட்டம் என்று எதையும் பவுடர் கோட்டிங்குக்குக் கொண்டுபோவது கொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று சகஜம். வரும்போது பளபளவென்று இருக்கும். பிரச்சினை அந்தப் பளபளப்பிலேயே தொடங்குகிறது. நன்றாகச் செய்த வேலையும் அரைகுறையாகச் செய்த வேலையும் முதல் நாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசத்தைக் காட்டுவது காற்று. அதற்குள் பணம் கை மாறியிருக்கும்.

பவுடர் கோட்டிங் என்பது பெயின்ட்டின் தம்பி அல்ல; வேறு ஜாதி. இதில் தின்னர் கிடையாது, உலரும் வரை காத்திருப்பதும் கிடையாது. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் இதற்கு வழி கண்டார். சூடாக்கிய உலோகத்தை, காற்றால் பொங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தூளுக்குள் முக்கி எடுத்தார். தூள் உருகி ஒட்டிக்கொண்டது. 1960களில் மின்னேற்றத் துப்பாக்கி வந்ததும் தொழில் பரவியது. துப்பாக்கி முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட். வெளியே பறக்கும் தூளுக்கு மின்னேற்றம். கொக்கியில் தொங்கும் சக்கரத்துக்கு எர்த். எனவே தூள் தானே தேடிப் போய் ஒட்டும். பிறகு ஓவனில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10, 20 நிமிடம். தூள் உருகி, பரவி, ரசாயன மாற்றம் அடைந்து ஒரே தோலாக இறுகும். பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் கனம். ஒட்டாமல் சிதறிய தூளைச் சேகரித்து மறுபடி உபயோகிக்கலாம் என்பதும், கரைப்பான் ஆவி காற்றில் கலப்பதில்லை என்பதும் இதன் புண்ணியங்கள்.

சரி, பிறகு ஏன் உரிகிறது? விடை தோலுக்குக் கீழே இருக்கிறது.

அலுமினியம் துருப் பிடிக்காது என்று நம்புகிறவர்கள், மூன்று நான்கு வருடம் ஓடிய ஒரு காரின் அலாய் வீலைக் குனிந்து பார்க்கலாம். தெளிவான மேற்பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது போல் கோடுகள் தெரியும். இழை அரிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு சின்னக் கீறல், அதில் கொஞ்சம் உப்பு, காற்றில் ஈரம், இவ்வளவு போதும். அரிப்பு பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வராது. பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். முகப்பைக் கடைசல் பிடித்து மினுக்கிய 'டைமண்ட் கட்' வீல்களில் இது அதிகம். அங்கே உலோகத்துக்கும் உப்புக்கும் நடுவில் இருப்பது மெல்லிய லேக்கர் மட்டுமே.

சுரங்கத்தை மறிப்பது துப்பாக்கி அல்ல. அதற்கு முந்தைய வேலை. பழைய பூச்சை முழுவதும் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். இரும்பானால் பாஸ்பேட் குளியல், அலுமினியமானால் குரோமேட்டோ அதற்கு மாற்றாக வந்த ஜிர்கோனிய வகையோ கொடுக்க வேண்டும். இந்தக் குளியல்தான் தூள் உலோகத்தைக் கவ்விக்கொள்ளப் பிடிமானம் தருகிறது. மஞ்சள் குரோமேட்டில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. அதைச் சாக்கடையில் விடும் பட்டறை, சக்கரத்தைக் காப்பாற்றிக் காயலைக் கெடுக்கிறது.

அவசரக்காரர்கள் குளியலைத் தாண்டிவிடுகிறார்கள். கழுவித் துடைத்து, தூள் அடித்து, ஓவனில் ஏற்றிவிடுவார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

இன்னொரு தவறு, அறியாமல் செய்வது. காலையில் இரும்பு கேட்டின் துருவைப் பறக்கவிட்ட அதே பிளாஸ்டிங் அறையில், அதே மணலையும் இரும்புக் குண்டுகளையும் வைத்து மதியம் அலாய் வீலைச் சுத்தம் செய்வது. அலுமினியம் மிருது. இரும்புத் துகள்கள் அதில் புதைந்துகொள்ளும். உப்பு ஈரத்தில் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு பேட்டரி. அரிப்பை விதைத்துவிட்டு அதன்மேல் அழகாகப் பூசிய கதைதான்.

வார்ப்பு அலுமினியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் நுண்துளைகளில் காற்றும் எண்ணெயும் அடைந்திருக்கும். தூள் அடிக்குமுன் வெறும் சக்கரத்தை ஒருமுறை சுட்டு அவற்றை வெளியேற்றாவிட்டால், பூச்சு இறுகும் நேரத்தில் குமிழியிட்டு ஊசித் துளைகள் விழும். ஒவ்வொரு துளையும் உப்புக்கு ஒரு வாசல்.

அழகு, ஆயுள் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். சக்கரம் என்பது கேட் அல்ல. மனிதர்களைத் தாங்கி ஓடுவது. பெரும்பாலான அலாய் வீல்கள் ஏ356 என்ற அலுமினியக் கலவையில் வார்க்கப்படுகின்றன. வார்த்த பின் சுமார் 540 டிகிரியில் காய்ச்சி, நீரில் குளிர்வித்து, 150 முதல் 170 டிகிரி வரையிலான வெப்பத்தில் சில மணி நேரம் பதப்படுத்துவதால்தான் அதற்கு வலு. பவுடர் ஓவனின் 200 டிகிரியில் கால் மணி நேரம் என்பது பெரிய ஆபத்தில்லை. சக்கரக் கம்பெனிகளே தங்கள் ஆலைகளில் பவுடர் பூசத்தான் செய்கின்றன. ஆபத்து, பழைய பெயின்ட்டைச் சுலபமாக எடுக்க 400 டிகிரி உலையில் போட்டு எரிப்பதில் இருக்கிறது. பூச்சு சாம்பலாகும், கூடவே பதமும் போய்விடும். வெளியே எடுக்கும்போது சக்கரம் அதே வடிவத்தில்தான் இருக்கும். பள்ளத்தில் விழும்போதுதான் அது வேறு சக்கரம் என்று தெரியவரும். விரிசலை வெல்டு வைத்து, மேலே கறுப்புத் தூள் அடித்து விற்பதும் இந்த ரகம். பூச்சுக்கு விரிசலை மறைக்கத் தெரியும், ஒட்டத் தெரியாது.

பூசக் கூடாத இடங்களும் உண்டு. சக்கரம் ஹப்பில் உட்காரும் முகம், நட்டு அமரும் குழி, பேரிங் பகுதி இவற்றைச் சூடு தாங்கும் டேப்பும் ரப்பரும் வைத்து மறைத்துவிட்டுத்தான் தூள் அடிக்க வேண்டும். மறைக்க மறந்தால் நட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தோல் மாட்டிக்கொள்ளும். ஓட்டத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது நசுங்க, முறுக்கிய நட்டு தளரும். புதிதாகப் பூசிய சக்கரத்தை மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து நட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கேரளத்தில் பழைய சக்கரத்தைப் புதுப்பிக்கும் ஆசைக்குச் சட்டமும் ஒரு காரணம் என்று சொல்லலாம். தயாரிப்பாளர் தந்த அடிப்படை வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது, கேரள ஐகோர்ட்டின் முந்தைய தீர்ப்பை ரத்து செய்துதான். அகலச் சக்கரம் மாட்டி வழியில் மடக்கப்படுவதைவிட, கம்பெனி கொடுத்ததையே பூசி ஓட்டுவது நிம்மதி.

பூச்சை நம்பி ஏமாந்தவர்களில் ஸ்கூட்டர்காரர்கள் மட்டும் இல்லை. அமெரிக்க எஞ்சினியர்களும் உண்டு. ஃப்ளோரிடாவின் தீவுகளை இணைக்க 1980ஐ ஒட்டிக் கட்டிய கடல் பாலங்களில், புகழ்பெற்ற செவன் மைல் பாலம் உள்பட, கான்கிரீட்டுக்குள் எபாக்ஸி தூள் பூசிய கம்பிகளை வைத்தார்கள். இதுவும் பவுடர் கோட்டிங்கின் நெருங்கிய உறவுதான். காலமெல்லாம் தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1986லேயே அலை தெறிக்கும் உயரத்தில் தூண்கள் வெடிக்கத் தொடங்கின. கம்பியை வளைத்தபோதும் தூக்கிப் போட்டபோதும் விழுந்த கீறல்கள், ஈரத்தில் பிடி தளர்ந்த பூச்சு, அதன் அடியில் அரிப்பு. மட்டாஞ்சேரி ரிம்மில் நடப்பது, பெரிய அளவில்.

இந்த வியாதியைப் படிக்கவே தமிழ்நாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்து உருவாகி, 1953ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களை உப்புக் காற்றில் வெறுமனே நிறுத்தி வைத்து எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துவருகிறது. பக்கத்திலேயே பாம்பன். 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து மாளவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். கொச்சிக்கும் இந்த விஷயத்தில் வைத்தியர் பக்கத்திலேயே உண்டு. மட்டாஞ்சேரிக்கு எதிரே வெலிங்டன் தீவில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், படகும் வலையும் கடல் நீரில் கெடுவதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது.

கடையில் கிடைக்கும் விளம்பரத் தாளில் 'ஆயிரம் மணி நேர உப்புப் புகை சோதனை' என்று அச்சிட்டிருக்கும். 35 டிகிரி சூட்டில், 5 சதவீத உப்புநீர்ப் பனியில் இடைவிடாமல் நனைக்கும் சோதனை அது. பொய்யல்ல, ஆனால் அந்தப் பெட்டிக்குள் வெயில் இல்லை, காய்ந்து மறுபடி நனைவதும் இல்லை. மணிகளை வருடங்களாக மாற்ற வாய்ப்பாடு கிடையாது. வெயில் என்றதும் கேட்க வேண்டிய கேள்வி, தூள் எந்த வகை என்பது. எபாக்ஸி நன்றாகக் கவ்வும், ஆனால் வெயிலில் சுண்ணாம்பு பூத்து வெளிறும். எபாக்ஸியும் பாலியெஸ்டரும் கலந்த மலிவு வகையும் அப்படித்தான். ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் சரி, பால்கனிக்கு ஆகாது. வெளியே நிற்கும் பொருளுக்கு பாலியெஸ்டர். கடலோரத்தில் அதற்கடியில் எபாக்ஸி பிரைமர் இன்னும் நல்லது.

கேட், கிரில் என்றால் வேறொரு தடுப்பும் இருக்கிறது. முதலில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்துவிட்டு அதன்மேல் பவுடர். மேல் தோல் கீறினாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெறும் இரும்பின் மேல் பூசிய தூளுக்கு அந்த உபகாரம் தெரியாது. கீறல் விழுந்தால் கீறல்தான். செலவு கூடுதலாகும், ஆனால் உப்புக் காற்று ஊரில் அந்தக் கூடுதலைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் நான்கைந்து வருடத்தில் இரண்டாம் முறை கொடுக்கிறார்கள்.

பணம் கொடுக்குமுன் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. சக்கரத்தோடு ஓவனுக்குப் போன ஒரு துண்டுத் தகட்டைக் கேட்டு வாங்கலாம். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கீறி, நல்ல டேப்பை ஒட்டிச் சட்டென்று இழுத்தால் பூச்சு டேப்போடு வரக் கூடாது. கரைப்பானில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மேல்பரப்பு பிசுபிசுத்துக் கரைந்து வரக் கூடாது. வந்தால் சரியாக வேகவில்லை என்று அர்த்தம். ஓவன் மீட்டர் 200 காட்டுவது காற்றின் சூடு. கனத்த சக்கரம் அந்தச் சூட்டை எட்ட நேரம் பிடிக்கும். கணக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் அநியாயங்களில் முதலிடம் டயர் கடைக்கு. இரும்புக் கொக்கியோடு கூடிய பாலன்ஸ் எடையை ரிம் ஓரத்தில் சுத்தியால் தட்டி ஏற்றினால், அந்த இடத்தில் பூச்சு கிழியும். அலாய் வீலுக்கு உள்பக்கம் ஒட்டும் எடைதான் சரி. ட்யூப்லெஸ் டயரில் பஞ்சரே இல்லாமல் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால், பஞ்சர் கடைக்காரர் ஆணியைத் தேடுவதை நிறுத்திவிட்டு டயரைக் கழற்றி ரிம்மின் விளிம்பைப் பார்க்கலாம். டயர் உட்காரும் அந்த வளையத்தில், பூச்சுக்கு அடியில், வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.