பெயரின் பல வடிவங்கள்: படைப்பதிவுகளும் செரோக்கிக் கொடிவழியும்

வட அமெரிக்கத் தொல்குடிகளுள் ஒன்றாகிய செரோக்கி மக்களிடையே, தம் முன்னோர் இன்னார் என நிறுவுவது வெறும் ஆர்வத்தால் மேற்கொள்ளும் பணி அன்று. செரோக்கி தேசத்தின் குடியுரிமையை வேண்டுவோர், டாஸ் பதிவேட்டில் பெயருள்ள ஒருவரின் நேர்வழித் தோன்றல் என்று காட்டுதல் வேண்டும். அப்பதிவேடு 1898 முதல் 1906 வரை நடைபெற்ற கணக்கெடுப்பின் விளைவு. வட கரோலினாவில் எஞ்சிய கிழக்குக் குழுவினர்க்கோ, 1924ஆம் ஆண்டின் பேக்கர் பதிவேடே அடிப்படை. பதினாறில் ஒரு பங்கு குருதியுறவும் வேண்டும். ஆகவே ஒரு பெயரின் எழுத்து மாறினால், ஒரு குடும்பத்தின் உரிமையே ஐயத்துக்கு உள்ளாகக்கூடும்.

இத்தேடலில் படைப்பதிவும் கொடிவழியும் அடிக்கடி முரண்படுகின்றன. அம்முரண் எவ்வாறு பிறக்கிறது, அதனை எவ்வாறு படிப்பது என்பனவற்றை மொழியியல் நோக்கில் காண்போம்.

ஒலியும் எழுத்தும்

செரோக்கி மொழியில் ப், ஃப் ஆகிய ஒலிகள் இல்லை. இதழொலிகளுள் மகரம் மட்டுமே உண்டு, அதுவும் அருகியே வரும். க–க்ஹ, த–த்ஹ போன்ற இணைகளை அம்மொழி மூச்சொலியால் வேறுபடுத்துகிறது. ஆங்கிலம்போல் குரலொலியால் வேறுபடுத்துவதில்லை. ஒரே ககரத்தை இடத்திற்கேற்ப இருவகையாக ஒலிக்கும் நமக்கு இந்நிலை புதியது அன்று. ஆங்கிலேய எழுத்தர் ஒரே ஒலியை ஒருநாள் ஒரு வகையாகவும் மறுநாள் வேறு வகையாகவும் கேட்டு எழுதினர். படைப்பட்டியல் எழுதியவர்க்கு மொழி தெரியாது. பெயர் சொன்ன வீரர் பலர்க்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் மொழிபெயர்ப்பாளர் நின்றபோது மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. ஓநாயைக் குறிக்கும் ‘வாயா’ என்னும் பெயர் ஒரு பட்டியலில் ஒலிபெயர்ப்பாகவும், மற்றொன்றில் ‘உல்ஃப்’ என மொழிபெயர்ப்பாகவும் இடம்பெறக்கூடும். ஜார்ஜ் என்னும் ஆங்கிலப் பெயரோ செரோக்கியர் நாவில் ‘ஜாஜி’ ஆயிற்று. ஆகவே ஆய்வாளர் ஒரு பெயரை அல்ல, அப்பெயர் எடுக்கக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் தேடுதல் வேண்டும்.

செகுவோயாவின் சான்று

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, செரோக்கி அசையெழுத்தை 1821 அளவில் உருவாக்கிய செகுவோயாவே. ஒரு மக்களுக்கு எழுத்துத் தந்தவரின் பெயரையே ஆவணங்கள் ஒரே வகையாக எழுதவில்லை. ஜார்ஜ் கெஸ், ஜார்ஜ் கிஸ்ட், ஜார்ஜ் கெஸ்ட் என அது பலவாறு வருகிறது. சொல்லிறுதி மெய்மயக்கம் பேச்சில் தேய்ந்தால் கெஸ்ட் என்பது கெஸ் ஆவது இயல்பு. இவை மூவரின் பெயர்கள் என மயங்குதல் கூடாது. 1828ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவரை ஜார்ஜ் கெஸ் என்றே குறித்து, எழுத்தாக்கத்திற்காக 500 டாலர் வழங்க வகைசெய்தது.

அவர் 1813–14இல் கிரீக் போரில் செரோக்கிப் படையில் பணிபுரிந்தவர். 1843இல் மறைந்தார். 1855ஆம் ஆண்டுச் சட்டம், முன்னாள் வீரர்க்கு நிலம் வழங்கும் உரிமையைத் தொல்குடி வீரர்க்கும் அவர்தம் மனைவியர்க்கும் விரிவாக்கியது. அவ்வாண்டிலேயே அவர் மனைவி சேலி அவ்வுரிமையை வேண்டி விண்ணப்பித்தார். இத்தகைய மனைவியர் விண்ணப்பங்கள் கொடிவழி ஆய்வுக்குப் பெருந்துணை. படைப்பட்டியல் பெயரையும் பணிக்காலத்தையும் மட்டுமே தரும். விண்ணப்பமோ திருமணம், இறப்பு, உடனிருந்தோர் சாட்சி ஆகியவற்றையும் தரும். ஆயினும் அது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொல்லப்பட்டது என்பதையும் மறத்தல் ஆகாது. நாளும் எண்ணும் முரண்படுமிடத்தில் அக்காலத்திலேயே எழுதப்பட்ட பட்டியலும், உறவு பற்றிய வினாவில் மனைவியின் கூற்றும் மிகுதியாக நம்பத்தக்கவை.

செகுவோயாவின் தந்தை யார் என்பதில் ஆய்வாளர் உடன்படவில்லை. நத்தானியேல் கிஸ்ட் என்பார் சிலர். வேறொருவர் என்பார் சிலர். ஆங்கிலக் கொடிவழி தந்தை பெயரால் நடப்பதால், அம்முறைக்கு இது பெருங்குறை. செரோக்கி மரபோ தாய்வழியது. ஏழு குலங்களுள் ஒன்றில் பிறப்பது தாயால் மட்டுமே அமையும். செகுவோயாவின் தாய் வண்ணக் குலத்தவர் என்பது மரபு. அது போதும், அவர் எங்குரியவர் என்பதற்கு ஐயமில்லை. ஆவணம் எழுதியவர் கேட்டது ‘உன் தந்தை யார்?’ என்பது, அச்சமூகம் கேட்டது ‘உன் தாயின் குலம் எது?’ என்பது.

இரு கொடிகளின் கீழ் ஒருவர்

சில முரண்கள் பிழையே அல்ல. 1861இல் ஜான் ட்ரூ தலைமையில் செரோக்கியர் ஒரு குதிரைப்படைப்பிரிவைத் தென்மாநிலக் கூட்டமைப்பிற்காகத் திரட்டினர். அவ்வாண்டு டிசம்பரில் பலர் அதைவிட்டு நீங்கினர். 1862இல் மேலும் பலர் வடமாநிலப் படையின் இந்திய ஊர்க்காவல் பிரிவுகளில் சேர்ந்தனர். ஆகவே ஒருவர் பெயர் இரு பகைப்படைகளின் பட்டியலிலும் இருப்பின், ஒன்று பொய் என்று தள்ளலாகாது. நாள்களை வரிசைப்படுத்தினால் முரண் வரலாறாக மாறும். ஒத்த பெயருடைய இருவராகவும் இருக்கலாம். அதனைத் தாய், ஊர், உடன்பிறந்தார் ஆகியவற்றால் தீர்த்தல் வேண்டும். 1906க்குப்பின் கைம்மாறு வேண்டி வந்த கையன் மில்லர் விண்ணப்பங்கள் இதற்கு உதவும். அவற்றுள் ஆங்கிலப் பெயரோடு செரோக்கிப் பெயரும், பாட்டன் பாட்டியர் பெயர்களும் கேட்கப்பட்டன. ஆனால் ஏற்கப்படாத விண்ணப்பம் ஒரு குடும்பத்தின் நம்பிக்கைக்குச் சான்றேயன்றி உறவுக்குச் சான்றாகாது.

பட்டியலின் எல்லை

பதிவேடு எதை எழுத மறுத்தது என்பதையும் நாம் கேட்டல் வேண்டும். செரோக்கியரிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் 1866ஆம் ஆண்டு ஒப்பந்தம் உரிமைகளை வழங்கியது. டாஸ் பதிவேடு அவர்களைத் தனிப்பட்டியலில் வைத்தது. செரோக்கிப் பெற்றோர் இருந்தவர்க்கும் குருதிப் பங்கு குறிக்கப்படவில்லை. அவ்வெற்றிடத்தைக் காட்டிப் பின்னாளில் குடியுரிமை மறுக்கப்பட்டது. 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்தம் உரிமையை உறுதிசெய்தது. எழுதப்படாத ஒரு கட்டம் நூறாண்டு கழித்து வழக்காயிற்று.

ஆதலின் மாணவர்க்கு நாம் வகுக்கும் நெறி இது. அண்மைக்காலத்திலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்செல்க. ஒவ்வொரு ஆவணத்தையும் யார், எப்பொழுது, யாருடைய சொற்கேட்டு, எதற்காக எழுதினார் என்று வினவுக. பெயரை ஒலியாக நோக்குக. தாயையும் குலத்தையும் ஊரையும் கொண்டு ஆளை உறுதிசெய்க. இரு சான்றுகள் இணங்காவிடின் ஒன்றை அழித்து மற்றொன்றை ஏற்காமல், இரண்டையும் எழுதி வைக்க. நம்மைத் தொடர்ந்து தேடுவோர்க்கு நாம் விட்டுச்செல்லும் பதிவும் அத்தகைய ஆவணமே.