பத்து நாள் பிள்ளை

திருகோணமலையில் பிறந்து, பிசிஜி ஊசியும் போட்டுக்கொண்டு பாலையூற்று வீட்டுக்கு வரும் பிள்ளையைக் கண்டு புதுத் தாய்மார் பதறுவதுண்டு. தோளில் பூனைமுடி, மூக்கில் வெண்புள்ளிகள், இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு. அது அடிபட்ட தழும்பல்ல. எல்லாம் நாளடைவில் மறையும். நாடியோடு சேர்ந்து துடிக்கும் உச்சிக்குழியும் 18 மாதமளவில் மூடிவிடும்.

முதல் நாட்களில் நிறை 10 சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்தில் மீளும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீரும் வேண்டாம்.

முதல் 10 நாட்களுக்குள் குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருவார். பிள்ளையின் சட்டையை விலக்கித் தொப்புளைப் பார்ப்பார். கறுத்துக் காய்ந்த கொடி தானாகவே விழும். எண்ணெய், சாம்பல் எதுவும் பூசக்கூடாது.

உள்ளங்கால் மஞ்சளித்தாலோ பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.